பேசாத தம்பியின் கைகள்

கேள்வி: என் தம்பிக்கு வயது 17. ஆட்டிசம் உள்ள அவனுக்கு இதுவரை பேச்சு வரவில்லை. அடிக்கடி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று அலமாரிக் கதவின் மேல் வைப்பான். சில வேளைகளில் காதுகளைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான். இரண்டு வாரங்களாகத் தாடையில் ஓங்கி அடித்துக்கொள்கிறான். வீட்டில் அதை ‘அடம்’ என்கிறார்கள். அவன் சைகைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: நீங்கள் கடைசியாக எழுதியிருப்பதுதான் அவசரமானது. இதுவரை இல்லாத ஒரு செய்கை திடீரென்று தோன்றினால், அதை அடம் என்று ஒதுக்குவதற்கு முன் உடலில் வலி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பல்வலி, காதுவலி, ஈறு வீக்கம் ஆகியவற்றைச் சொல்ல வார்த்தை இல்லாதவர்கள் வலிக்கும் இடத்தையே அடித்துக்கொள்வது உண்டு. எந்தப் பக்கம் அடிக்கிறான், சாப்பிடும்போது கூடுகிறதா, தூக்கம் கெடுகிறதா என்று குறித்துக்கொண்டு, பல் மருத்துவரிடமும் காது மருத்துவரிடமும் தாமதமின்றிக் காட்டுங்கள்.

மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது தெளிவான பேச்சு. விரல் நீட்டிச் சுட்டும் பழக்கம் ஆட்டிசம் உள்ள பலருக்கு எளிதில் வருவதில்லை. ஆகவே, கதவைத் திறக்கக்கூடிய கையையே அவன் கதவிடம் கொண்டுபோகிறான். உங்கள் கையை அவன் ஒரு கருவியாக மட்டும் பயன்படுத்துகிறான் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அவன் உங்களைத் தேடி வந்து கேட்கிறான். அலமாரியைத் திறந்து, இரண்டு பொருள்களை எடுத்து அவன் முன் பிடித்து, அவற்றின் பெயரைச் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் காத்திருங்கள். ஒரு கணம் ஒன்றின் மேல் நிற்கும் பார்வையோ, லேசாகத் திரும்பும் தோளோ அவனுடைய பதிலாக இருக்கலாம்; நாம் அவசரப்பட்டு மறுபடி கேட்கும்போது அதுதான் தவறிப்போகிறது.

காதைப் பொத்துவது பெரும்பாலும் ஓசை தாங்காமல்தான். ஆனால் ஆடுவதற்கு ஒரே பொருள் கிடையாது: பதற்றத்திலும் ஆடுவான், மகிழ்ச்சியிலும் ஆடுவான். அதற்கு முன் என்ன நடந்தது, பின் எப்போது தணிந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால், சில வாரங்களில் வேறுபாடு பிடிபடும். ஆடுவது அவனை அமைதிப்படுத்தும் வழி என்பதால், தயவுசெய்து பிடித்து நிறுத்தாதீர்கள்.

பேச்சுப் பயிற்சியாளரின் உதவியோடு, வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்க உதவும் படஅட்டைகளையும் தொடங்குங்கள். 17 வயது தாமதமல்ல. அட்டை பழகினால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. விரும்பியதைக் கேட்கும் அட்டைகளோடு ‘வேண்டாம்’ என்பதற்கும் ஒன்று சேருங்கள்; அதை அவன் நீட்டும்போது, வீட்டில் எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும்.