தம்பிக்காக ஜெபிப்பதை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் தம்பி ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவன். பாடகர் குழுவில் பாடியவன். இப்போது சம்பளம் கைக்கு வந்ததும் ஆல்பேட்டை தாண்டி கன்னியக்கோயில் கடைகளுக்குக் குடிக்கப் போய்விடுகிறான். எங்கள் ஜெபக்குழுவின் மூத்த சகோதரர் ஒருவர், "இது 1 யோவான் 5:16 சொல்லும் மரணத்துக்கு ஏதுவான பாவம். இனி இவனுக்காக ஜெபிப்பது தேவசித்தத்துக்கு விரோதம்" என்கிறார். நானும் "உமக்குச் சித்தமானால் அவனைத் திருப்பும்" என்றுதான் ஜெபித்து வருகிறேன். நிறுத்திவிடவா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. அந்த மூத்த சகோதரர் வசனத்தின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு முன்பாதியை விட்டுவிட்டார். மரணத்துக்கு ஏதுவல்லாத பாவத்தைச் சகோதரன் செய்யக் கண்டால் "வேண்டுதல்செய்யக்கடவன்" என்பதுதான் அங்கே கட்டளை. மரணத்துக்கு ஏதுவான பாவத்தைப் பற்றி யோவான் எழுதுவது "அதைக்குறித்து வேண்டுதல்செய்ய நான் சொல்லேன்" என்றுதான். ஜெபிக்காதே என்று அவர் தடை போடவில்லை. அது எந்தப் பாவம் என்று பட்டியலும் தரவில்லை. கத்தோலிக்கர் இதிலிருந்து சாவான பாவம், அற்பப் பாவம் என்று பிரிக்கிறார்கள். வேறு சிலர் மாற்கு 3:29-இன் பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்தோடு சேர்த்துப் படிக்கிறார்கள். இந்த நிருபத்தையே முழுதாகப் படித்தால், இயேசுவைக் கிறிஸ்து அல்ல என்று மறுதலித்து, சபையை விட்டுப் பிரிந்து போனவர்கள்தான் (2:19, 22) யோவானின் மனதில் இருந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. உங்கள் தம்பி எதையும் மறுதலிக்கவில்லை, குடிக்கிறார். அதுவும் பாவம்தான், லேசானதல்ல. ஆனால் அவர்மேல் மரணத் தீர்ப்பு எழுத ஜெபக்குழுவுக்கு அதிகாரம் கிடையாது.

எரேமியாவுக்கு "இந்த ஜனத்துக்காக விண்ணப்பம் பண்ணாதே" என்று கர்த்தர் மூன்று முறை சொன்னது உண்மை (7:16, 11:14, 14:11). அது ஒரு தீர்க்கதரிசிக்கு நேரடியாக வந்த வார்த்தை. அப்படியிருந்தும் அதே 14-ஆம் அதிகாரத்தின் முடிவில் எரேமியா மறுபடியும் மன்றாடுகிறார். சாமுவேலோ, ஜனங்களுக்காக விண்ணப்பம் செய்யாமல் இருப்பதையே தனக்குப் பாவம் என்கிறார் (1 சாமுவேல் 12:23). தம்பிக்காக ஜெபிக்காதே என்று உங்களுக்கு நேரடியாக வார்த்தை வந்ததா? இல்லையே. அப்படியானால் சாமுவேலின் வழிதான் உங்களுக்கு.

அடுத்தது, "உமக்குச் சித்தமானால்". இதை இந்த ஜெபத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வேலை, வரன், வியாதி போன்ற காரியங்களில் தேவன் என்ன நினைக்கிறார் என்று நமக்குத் தெரியாது, அங்கே அப்படி ஜெபிப்பது சரி. பாவி மனந்திரும்ப வேண்டும் என்பதில் அவர் சித்தத்தை அவரே சொல்லிவிட்டார்: எசேக்கியேல் 33:11, 1 தீமோத்தேயு 2:4, 2 பேதுரு 3:9. லூக்கா 22-ஐத் திறந்து பாருங்கள். தம் பாத்திரத்தைக் குறித்து இயேசு "உமக்குச் சித்தமானால்" என்கிறார் (வசனம் 42). அதே இரவில் பேதுருவுக்காகத் தாம் வேண்டிக்கொண்டதைச் சொல்லும்போது (வசனம் 32) அந்த நிபந்தனை இல்லை.

அவர் எதைக் கேட்டார் என்பதையும் கவனியுங்கள். பேதுரு விழக்கூடாது என்றல்ல, விசுவாசம் ஒழிந்துபோகக்கூடாது என்று கேட்டார். அன்றிரவே பேதுரு மூன்று முறை மறுதலித்தார். வேண்டிக்கொண்டவர் இயேசு, ஜெபம் கேட்கப்பட்டது, சேவலும் கூவியது. ஆகவே உங்கள் தம்பி அடுத்த சம்பளத்தில் மறுபடி குடித்தால் ஜெபம் வீண் என்று முடிவு கட்டாதீர்கள். ஜெபம் ஒருவருடைய மனதைச் சாவி கொடுத்து ஓட்டுவதில்லை. எருசலேமைப் பார்த்து இயேசுவே "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று சொல்ல நேர்ந்தது (மத்தேயு 23:37).

"அடித்தாவது திருப்பும் ஆண்டவரே" என்று மட்டும் ஜெபிக்காதீர்கள். நம் சபைகளில் இது வாய்ப்பழக்கமாகிவிட்டது. சமாரியர்மேல் அக்கினி கேட்ட சீஷரை இயேசு அதட்டினார் (லூக்கா 9:54, 55). தன் நிலையை உங்கள் தம்பி உணர வேண்டும், அவர் மதிக்கும் ஒருவர் அவரிடம் பேச வேண்டும், பேசும்போது உங்களுக்குக் கோபம் வரக்கூடாது என்று கேளுங்கள். கேட்ட பிறகு போய்ப் பேசுங்கள். ஜெபத்தைச் சொல்லிவிட்டு, குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய்ப் பேசச் சொல்லும் மத்தேயு 18:15-ஐத் தள்ளிப்போடுவது கீழ்ப்படியாமை. காலையில், குடிக்காத நேரத்தில், தனியாகப் பேசுங்கள். கேட்காவிட்டால் அடுத்து இரண்டொருவரோடு போங்கள். வீட்டு ஜெபக்கூட்டத்தில் பெயரைச் சொல்லி விவரிப்பது அந்த ஒழுங்கில் இல்லை, அது புறங்கூறுதலாகத்தான் முடியும். குழுவில் ஜெபிக்க வேண்டுமானால் "என் குடும்பத்தில் ஒருவருக்காக" என்றால் போதும். அவர் குடிக்கடனை நீங்கள் அடைக்காதீர்கள். வீட்டுச் செலவுக்கு உதவுவதாக இருந்தால் அவர் மனைவி கையில் அரிசி, பருப்பாகக் கொடுங்கள்.

இன்னொன்று, இதை அலட்சியம் செய்யாதீர்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவரை உபவாச ஜெபம் என்று 3 நாள் அறையில் வைத்துக் குடியைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் வரும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது என்று முற்றலாம். அதைப் பிசாசு என்று நினைத்து அடிக்கிறவர்களும் உண்டு. குடியை நிறுத்தும்போது மருத்துவர் மேற்பார்வை வேண்டும், தயமின் என்ற வைட்டமின் மருந்தும் வேண்டும். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அவர் சம்மதிக்கிற அன்றே அழைத்துப் போங்கள். உபவாசம் நீங்கள் இருங்கள், அவரைச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள்.