குலதெய்வக் கோயில் பங்காளிகள் குழுவை இலவசச் சேவையிலேயே நடத்த முடியுமா? எத்தனை பேர், எவ்வளவு இடம் தாங்கும்?

நீங்களும் என்னைப் போலப் பொறுப்பு தலையில் விழுந்தவராகத்தான் இருப்பீர்கள். சிவராத்திரிக்கு ஊருக்குப் போயிருப்பீர்கள், "தம்பிக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்" என்று ஒரு பெரியப்பா கை காட்டியிருப்பார், காசு செலவாகாமல் பார்த்துக்கொள் என்றும் சொல்லியிருப்பார்.

ஆள் எண்ணிக்கை பற்றிக் கவலை வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் 2022 வரை 256 பேர்தான் இருக்க முடிந்தது. அந்த வருடமே 512 ஆக்கி, அப்புறம் 1024 ஆக்கினார்கள். டெலிகிராமில் 2 லட்சம் பேர் வரை சேரலாம். எங்களுக்குத் தலைக்கட்டு இருநூறுக்கும் குறைவுதான், ஆனால் வீட்டுக்கு மூன்று போன். 256 இருந்த காலத்தில் இரண்டு குழுவாகப் பிரித்தோம். இரண்டாவது குழுவில் போட்டவர்களுக்கெல்லாம் கோபம். "நாங்க என்ன ரெண்டாம் பந்தியா?" என்று ஒரு சித்தப்பா அந்த வருடம் வரியே கொடுக்கவில்லை. அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருகிறது என்று அளந்து பார்க்கும் கூட்டம் இது. பெயர் மேலே வர வேண்டும் என்பவர்களில் பாதிப் பேர் மூன்று வருட வரி பாக்கி. சரி, அது வேறு கதை, விடுங்கள்.

இடம்தான் உண்மையான பிரச்சினை. கூகுள் ஒரு கணக்குக்கு இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே அவ்வளவுதான். போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்றால் மூவாயிரத்துச் சொச்சம் படம் பிடிக்கும். வீடியோ ஒரு நிமிடம் 100 எம்பி என்று வையுங்கள், கும்பாபிஷேகத்தை இரண்டு மணி நேரம் எடுத்தால் அதுவே 12 ஜிபி. நிறைந்துவிட்டால் படம் ஏற்ற முடியாது என்பதோடு நிற்காது, அந்தக் கணக்குக்கு மெயில் வருவதும் நின்றுபோகும். இன்னொன்று, டிரைவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் திறந்தால் அது பொதுச் சொத்து போலத் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு படமும் ஏற்றியவரின் கணக்கில்தான் நிற்கிறது. அவர் கணக்கை மூடினால் படமும் போய்விடும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். சேவையின் பெயர் வேண்டாம், இங்கே அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். என் அண்ணன் மகன் ஓர் இலவசச் சேவையில் ஆல்பம் திறந்தான். பங்காளி வீடுகளில் பரணில் கிடந்த பழைய படங்களை வாங்கி ஸ்கேன் செய்து ஏற்றினோம். கோயிலுக்கு ஓட்டுக் கூரை இருந்த காலத்துப் படங்கள், தாத்தாக்கள் வரிசையாக நிற்கும் படங்கள். எங்கள் பெரிய அத்தை பார்வை மங்கிய நிலையிலும் பக்கத்தில் உட்கார்ந்து, "இது மேலவீட்டுப் பெரியசாமி, இவன் ரங்கூனுக்குப் போனவன்" என்று சொல்லச் சொல்ல, நாங்கள் ஒவ்வொரு படத்தின் கீழும் தட்டச்சு செய்தோம்.

அப்புறம் பையன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். அளவு தாண்டிவிட்டது, குறைக்காவிட்டால் நீக்குவோம் என்ற எச்சரிக்கையெல்லாம் அவன் திறக்காத ஒரு பழைய மெயிலுக்குப் போயிருக்கிறது. சொன்னபடியே ஆல்பத்தை நீக்கிவிட்டார்கள். நான் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவன், நகல் இல்லாத எதையும் நம்பமாட்டேன். ஸ்கேன் செய்த அன்றே எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைத்தேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை. ஆனால் கீழே எழுதிய பெயர்கள் அந்தத் தளத்தில் மட்டும்தான் இருந்தன. படங்கள் இருக்கின்றன, பாதிப் பேர் யாரென்று சொல்ல ஆளில்லை. அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"ஓசியில் வாங்கிவிட்டுக் குறை சொல்லலாமா?" என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். நான் குறை சொல்லவில்லை. சேவை அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. அந்த விதி மாறும் என்றுதான் சொல்கிறேன். படம் ஏற்றும் தளமான ஃப்ளிக்கர் 2013இல் எல்லாருக்கும் 1 டிபி, அதாவது சுமார் ஆயிரம் ஜிபி, தந்தது, 2018 நவம்பரில் இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்றது. கூகுள் போட்டோஸின் அளவில்லாத இலவசம் 2021 ஜூன் 1 அன்று முடிந்தது. மெயில் வழியே குழு நடத்த உதவிய யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் மொத்தமாக மூடப்பட்டது. இவையெல்லாம் சின்ன நிறுவனங்களா?

ஆகவே பேச்சுக்கும் அறிவிப்புக்கும் இலவச வாட்ஸ்அப் தாராளமாகப் போதும். படங்களுக்கு, கோயில் பெயரில் தனியாக ஒரு மெயில் கணக்கு திறந்து, மாதம் 130 ரூபாய் அளவில் 100 ஜிபி வாங்கிக்கொள்ளுங்கள். வரிக் கணக்கில் "கம்ப்யூட்டர் செலவு" என்று எழுதினால் ஒருவரும் கேட்கமாட்டார், கேட்டால் பாக்கியை முதலில் கட்டச் சொல்லுங்கள். கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும், அதில் ஒருவராவது ஊரிலேயே இருப்பவராக இருக்கட்டும். யார் யார் என்ற பெயர்களைப் படத்தின் கோப்புப் பெயரிலேயே எழுதுங்கள், ஒரு நோட்டிலும் எழுதிப் பூசாரி வீட்டில் கொடுத்துவையுங்கள்.