கூடப் போய் நிற்க ஓர் ஆள்

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கங்கைகொண்டான் பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர் காலமான பிறகு, பின்வளவில் இருக்கும் நான்கு வீட்டு வாடகையில்தான் என் பாடு ஓடுகிறது. தீபாவளி கழிந்து மூன்று வீடுகளுக்கு ஒடிசாக்காரர்கள் குடிவந்தார்கள். பலாங்கீர் பக்கமாம். ஆணும் பெண்ணுமாக ஹாலோ பிளாக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, இரண்டரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடையில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு ஆறு மாதம்; ஆஸ்பத்திரிப் பக்கம் போனதாகவே தெரியவில்லை. ரேஷன் கடையில் ‘உங்க கார்டு இங்க செல்லாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருவிலோ, ‘வடக்க உள்ளவனுவளுக்கு வீட்ட விட்டுட்டு நீங்க பாட்டுக்கு இருக்கிய’ என்று என்னை ஏசுகிறார்கள். என் மகள் கனடாவில் பிராண்டன் என்ற ஊரில் இருக்கிறாள். அவள் போன புதிதில், வந்தேறியவர்களுக்கென்றே ஒரு நிலையம் வைத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தார்களாம். நம் ஊரில் அப்படி ஏதும் உண்டா? இல்லையென்றால் நான் ஒன்று தொடங்க முடியுமா?

— பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: சகோதரி, நிலையத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த ஆறு மாதக் கர்ப்பிணி. மற்றதெல்லாம் பத்து நாள் பொறுக்கும், இது பொறுக்காது.

உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியருக்கு நாளைக்கே தகவல் சொல்லுங்கள். எந்த மாநிலத்துப் பெண்ணானாலும், அவர் பகுதியில் குடியிருக்கும் கர்ப்பிணியைப் பதிவு செய்வது அவருடைய வேலை. பதிந்ததும் ஓர் எண் தருவார்கள். நம் பெண்கள் ‘பிக்மி நம்பர்’ என்பது அதைத்தான். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் பின்னால் அந்த எண்ணைக் கேட்பார்கள், அதனால் பிரசவ நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் காசில்லாமல் கிடைக்கும்.

அங்கே ஒரு வார்த்தையை மறக்காமல் சொல்லிவிடுங்கள்: “இந்தப் பிள்ளை மேற்கு ஒடிசா, பலாங்கீர்க்காரி.” அந்தப் பகுதியில் சிக்கிள் செல் என்னும் பரம்பரை ரத்தசோகை அதிகம். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகிற நோய் அது. கர்ப்ப காலத்தில் அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாக முடியலாம். நம் பக்கத்து டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற நோயில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால், பரிசோதனை தேவையா என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். சாதாரண ரத்தசோகை என்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

மொழி தெரியாதே என்பீர்கள். வேலைத்தளத்து மேஸ்திரியைத் துணைக்குக் கூட்டிப் போகாதீர்கள். எத்தனை நல்ல மனிதரானாலும், கூலி கொடுக்கிறவரின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். புருஷனுக்கு இந்தி தெரிந்திருக்கும். செவிலியருக்கோ, உங்கள் தெருவில் பட்டாளத்தில் இருந்து வந்தவர் வீட்டுப் பெண்களுக்கோ கொஞ்சம் இந்தி தெரிந்தால் போதும், காரியம் நடக்கும். பிரசவத்துக்கு 108. பிரசவம் முடிந்து தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவிட 102. இந்த இரண்டு எண்ணையும் அவர்கள் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பிள்ளை எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பதிவு. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து அந்த எட்டு வயதுப் பிள்ளை. அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இடுப்பில் தம்பி இருக்கிறவரை அவள் பள்ளிக்கூடம் போக மாட்டாள். ஆகவே முதலில் அங்கன்வாடி. இரண்டரை வயதுப் பிள்ளையை அங்கே உட்கார வைக்கலாம், மதியச் சாப்பாடும் உண்டு. அந்தக் கர்ப்பிணிக்கும் அங்கேயே சத்துமாவு கிடைக்கும். தம்பிக்கு இடம் கிடைத்தால்தான் அக்காவின் கை சும்மாவாகும்.

பிறகு அவளை ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, வருஷத்தின் நடுவில் வந்திருக்கிறாள் என்று எதைச் சொல்லியும் சேர்க்க மறுக்க முடியாது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் போட்டால் அது கூசிப்போய் நின்றுவிடும். தமிழ் எழுத்தே தெரியாதே என்று தலைமையாசிரியர் தயங்கினால், எண்ணும் எழுத்தும் திட்டத்தை நினைவுபடுத்துங்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கும் முறை அது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே அரும்பு நிலையில் தொடங்கலாம். காலைச் சாப்பாடும் பள்ளியிலேயே கிடைக்கும். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு போடுகிறார்கள். விடியற்காலையில் வேலைக்கு ஓடுகிற தாய்க்கு அது எத்தனை பெரிய ஒத்தாசை என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் யோசித்து வையுங்கள். பலாங்கீர்க்காரர்கள் பலர் அங்கே அறுவடை முடிந்து புறப்பட்டு, மழைக்கு முன்னால் ஊர் திரும்புகிறவர்கள். இவர்களும் வைகாசி, ஆனியில் மூட்டை கட்டலாம். அப்போது பிள்ளை படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு வெளியூர் போகிறவர்களின் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க, ஒடிசா அரசு அந்த மாவட்டங்களில் பருவகால விடுதிகள் நடத்துகிறது. அது தெரியாமலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற தாய் தகப்பன் உண்டு. அடுத்த தடவை இவர்களாவது கேட்டுப் பார்க்கட்டும்.

ரேஷன் விஷயத்தில், கடைக்காரர் சொன்னது சரியில்லை. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. அவர்களுடைய கார்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதாகவும் ஆதாரோடு இணைந்ததாகவும் இருந்தால், நம் கடையிலேயே அரிசி வாங்கலாம். சாதாரணக் கார்டுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ. 2023 ஜனவரியிலிருந்து அதற்குக் காசும் கிடையாது. தமிழ்நாடு அரசு தருகிற பருப்பும் பாமாயிலும் அவர்களுக்குச் சேராது, அதற்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். இங்கிருப்பவர்கள் பங்கை இங்கேயும், ஊரிலிருக்கும் பெரியவர்கள் பங்கை அங்கேயும் பிரித்து வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இங்கே வாங்கினால் ஊரில் அம்மாவுக்கு அரிசி நின்றுபோகும் என்று பயந்து சும்மா இருந்துவிடுகிறார்கள்.

பல இடங்களில் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் கைரேகை. சிமென்டும் ஜல்லியும் அள்ளுகிற கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும், கருவி ‘இல்லை’ என்று காட்டும். உடனே ‘கார்டு செல்லாது’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு விரல் எடுக்கவில்லையென்றால் மற்ற விரல்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் கார்டில் பெயருள்ள இன்னொருவர் வைத்தாலும் போதும். கண் கருவிழியைப் பதிகிற கருவியும் இப்போது கடைகளுக்கு வந்திருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் 1967-க்குப் போன் செய்யுங்கள், அல்லது வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். நீங்கள் கூடப் போய் நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். அந்தக் கடையில் உங்கள் முகத்தைத் தெரியும். அவர்களைத் தெரியாது, அவ்வளவுதான்.

வேலை விஷயத்தில் நிதானம் வேண்டும். சாவகாசமாகப் பேசும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘உங்க ஆதார் அட்டை யார் கையில இருக்கு?’ அவரவர் கையில் இருந்தால் நல்லது. முதலாளியிடமோ ஏஜென்டிடமோ இருந்தால், முன்பணம் கழியும்வரை போகக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தால், அது 1976-ஆம் வருஷச் சட்டப்படி கொத்தடிமை முறை. அப்படித் தெரிந்தால் நீங்கள் தனியாகப் போய் கம்பெனிக்காரரிடம் நியாயம் கேட்கக் கூடாது. அவர்களை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியேற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்தில் கொடுங்கள். பிள்ளைகளை வேலைக்கு இறக்கினால் 1098. அப்படியெல்லாம் இல்லை, கூலி மட்டும் பாக்கி என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம்.

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்காதீர்கள். வாடகை வாங்குகிறவர் என்கிற முறையில் அவர்களுக்கு இந்த ஊரில் முதல் ஆள் நீங்கள்தான். வளவில் எத்தனை கழிப்பறை, பெண்கள் இருட்டில் வெளியே போக வேண்டியிருக்கிறதா, அதைப் பாருங்கள். கரண்டுக்கு சப்-மீட்டர் பார்த்துக் கணக்காக வாங்குங்கள். வாடகைக்கு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதிக் கொடுங்கள். ஆதார் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு காவல் நிலையத்தில் குடியிருப்பவர் விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு, தெருவில் ஏசுகிறவர்களுக்கும் பதில்.

தெருக்காரர்கள் பேச்சில் கூலியைப் பற்றிய பயம் இருக்கிறது, அது பொய்யான பயம் இல்லை. வெளியாள் குறைந்த கூலிக்கு வந்தால் உள்ளூர்க் கூலி இறங்கும். அதனால்தான் ஒரே வேலைக்கு உள்ளூராருக்குத் தரும் கூலியையே வெளிமாநிலத்தாருக்கும் தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். அவர்களைத் துரத்துவதில் நம் ஆட்களுக்கு லாபமில்லை; அவர்களுக்கும் சமக்கூலி கிடைத்தால்தான் நம் கூலி நிற்கும். வதந்தியையும் நம்ப வேண்டாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பிப் பார்க்கும்படி ஆயிற்று. எத்தனை குடும்பம் பயந்து ரயிலேறியது அப்போது!

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இது புரியாத காரியமும் இல்லை. மும்பை தாராவியில் தெருத் தெருவாக நம் ஆட்கள். 1960-களின் பின்பாதியில் ‘மதராசி’ என்று கை ஓங்கியவர்களும் அங்கே இருந்தார்கள். நம் பிள்ளைகளுக்காகத் தமிழ் வழிப் பள்ளி நடத்தியதும் அதே மும்பையின் மாநகராட்சிதான். உங்கள் தெருவில் அங்கே போய்ப் பிழைத்து வந்த குடும்பம் ஒன்றாவது இருக்கும். ஏசுகிறவர்களிடம் நீங்கள் பேசுவதைவிட அவர்கள் பேசினால் எடுபடும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. பிராண்டன், கனடா அரசு 2019-இல் கிராமப்புறக் குடியேற்றச் சோதனைத் திட்டத்தில் சேர்த்த 11 ஊர்களில் ஒன்று. அங்கே சின்ன ஊர்களில் வேலைக்கு ஆளில்லை, இளவட்டங்கள் பெரிய நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். வருகிறவர்கள் தங்க வேண்டும் என்று அரசே விரும்புகிறது, அதற்குப் பணமும் ஒதுக்குகிறது. உள்ளூர் அமைப்புகள் அந்தப் பணத்தில் மொழி வகுப்பு நடத்துகின்றன, பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் வழிகாட்டுகின்றன. ஆனால் அங்கும் அந்த மத்திய அரசுப் பணத்துச் சேவைகள் பெரும்பாலும் நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்குத்தான்; பருவ வேலைக்கு வந்து போகும் பண்ணைத் தொழிலாளிக்குப் பல இடங்களில் அந்தக் கதவு திறப்பதில்லை. நம் வளவில் இருப்பவர்கள் இந்த நாட்டுக் குடிமக்கள். அவர்களுக்குச் சேர வேண்டியதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. வழிதான் தெரியவில்லை.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்க ஒன்று உண்டு. தாய்மார் மொழி வகுப்பில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து அறையில் ஆள் இருக்கும். உங்கள் மகளிடம் கேட்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வாள். மொழி கற்றுக்கொடுக்க அத்தனை தூரம் போய்ப் பார்க்கவும் வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 2017-இல் ‘சங்ஙாதி’ என்ற பெயரில் வெளிமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் சுயஉதவிக் குழுவில் இரண்டு பெண்கள் சம்மதித்தால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் வளவிலேயே செய்யலாம். எழுத்து வேண்டாம். கடையில் கேட்கிற தமிழ், ஆஸ்பத்திரியில் சொல்கிற தமிழ், பஸ்ஸில் கேட்கிற தமிழ், இவை முதலில் போதும். மகளிர் மட்டும் உட்காருங்கள், அப்போதுதான் பேசுவார்கள்.

கட்டடம், பெயர்ப்பலகை, சங்கப் பதிவு என்று இப்போதைக்கு இறங்க வேண்டாம். ஒரு தடவை நீங்கள் கூடப் போய்வந்த வழியில், அடுத்த தடவை அவர்கள் தனியாகப் போவார்கள்.

ஊராட்சியிடம் மட்டும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். கிராம சபையில் பேசுகிற உரிமை வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர்களுக்குத்தான், அவர்கள் பெயர் அங்கே பலாங்கீரில் கிடக்கும். நீங்கள்தான் பேச வேண்டும். மே 1 கிராம சபைக்கு இப்போதே மனு எழுதி வையுங்கள்: ஊரில் எத்தனை வெளிமாநிலக் குடும்பம், எத்தனை கர்ப்பிணி, பள்ளி வயதுப் பிள்ளை எத்தனை என்று ஊராட்சியே ஒரு கணக்கெடுக்க வேண்டும், அந்தக் கணக்கு செவிலியருக்கும் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போக வேண்டும் என்று. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஊராட்சிச் செயலர் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று, கூட்டம் கலைவதற்கு முன் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.