வன்னியில் குடும்பத்தோடு இருந்து சாப்பிட, கையைக் கடிக்காத கடைகள் எங்கே?

உங்கள் கேள்வியில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. செலவு கூடக் கூடாது. வெளிநாட்டில் பிறந்த இரண்டு சின்னப் பிள்ளைகள் உறைப்பு என்று அழக் கூடாது. வயதான அம்மாவும் அப்பாவும் வசதியாக இருந்து சாப்பிட வேண்டும். வான் பிடித்துக்கொண்டு வவுனியாவிலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று ஒரு கிழமை சுற்றப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வீடு கிளிநொச்சியில், வேலை வவுனியாவில். இரண்டையும் இணைக்கிற ஏ9 வீதியில் கன வருசமாகப் போய் வருவதால், எந்தக் கடையில் எத்தனை மணிக்கு எந்தக் கறி முடியும் என்பது ஓரளவு தெரியும்.

வன்னிச் சாப்பாட்டுக்கடைகளில் பெரும்பாலானவை குடும்பங்களை நினைத்துத் தொடங்கியவை அல்ல. லொறிக்காரர், பஸ்காரர், வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்குகிற ஆட்கள், இவர்களுக்காக வந்த கடைகள். ஊர்க் குடும்பம் வீட்டில்தான் சாப்பிடும். கடையில் சாப்பிட்டோம் என்றால் அது ஆசுபத்திரிக்குப் போன நாளாகவோ கச்சேரி (மாவட்டச் செயலகம்) அலுவலாக அலைந்த நாளாகவோ இருக்கும். ஆகவே இங்கே ருசியான கடையைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. உங்கள் அம்மா கூச்சப்படாமல் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கக்கூடிய கடையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

என் அம்மா கன காலம் கடைக்குள் வரமாட்டா. வானுக்குள் இருந்துகொண்டு, "எனக்கு ஒரு பிளேன்ரீயும் பணிசும் கொண்டு வா, காணும்" என்பா. அந்தப் பழக்கத்தை உடைத்தது அம்மாச்சி உணவகம்தான். அதனால் உங்களுக்கும் முதலில் அதையே சொல்கிறேன்.

அம்மாச்சி என்பது வடக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் ஊர்ப் பெண்கள் சமைத்து விற்கும் உணவகம். தெற்கில் ஹெல போஜுன் என்ற பெயரில் இருக்கிறதே, அதே மாதிரி. கிளிநொச்சியில் ஒன்று, வவுனியாவில் ஒன்று உண்டு. யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். நீளமாக ஒரு மண்டபம், ஆளுக்கொரு அடுப்பு, அடுப்புக்குப் பின்னால் ஒரு பெண். ஒருவர் தோசை சுடுவார், அடுத்தவர் அப்பம், அதற்கடுத்தவர் குரக்கன் புட்டோ இலைக்கஞ்சியோ வைத்திருப்பார். நாங்களே வரிசையில் போய் வாங்கி, காசு கொடுத்து, மேசைக்குக் கொண்டுவர வேண்டும். சமையல் முழுக்கக் கண் முன்னால். சோடா கேட்டால் கிடைக்காது. பழச்சாறு கிடைக்கும்.

முதல் தடவை அம்மாவைக் கூட்டிப்போனபோது அவ சாப்பிட வந்த ஆளாக நடந்துகொள்ளவில்லை, பரிசோதகராக நடந்துகொண்டா. அப்பச்சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, "பிள்ளை, மா எப்ப கரைச்சனி?" என்று கேட்டா.

"ராத்திரியே கரைச்சிட்டன் அம்மா."

"கள்ளு விட்டதோ?"

"இல்லையம்மா, இளநீர்தான்."

அந்தப் பிள்ளை பேசிக்கொண்டே சட்டியைத் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றியது. மா விளிம்பில் ஏறி மெல்லிய சரிகை மாதிரிப் பிடித்தது. நடுவில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டு மூடியது. அம்மா மூடியையே பார்த்துக்கொண்டு நின்றா. திறந்ததும், "இன்னும் கொஞ்சம் பால் விட்டிருக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மூன்று அப்பம் சாப்பிட்டா. வீட்டில் இரண்டுதான் கணக்கு. ஐந்து பேர் வயிறு நிறையச் சாப்பிட்டும் அன்று ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள்தான் வந்தது. இப்போது இன்னும் கொஞ்சம் கூடியிருக்கலாம். இருந்தாலும் வசதியான ஒரு ஹோட்டலில் அந்தக் காசுக்கு இரண்டு பேர் சாப்பிடுவதே கஷ்டம். காலையிலோ பின்னேரமோ போங்கள், அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வரும். இரண்டுக்கும் நடுவே போனால் ஆறின வடைதான்.

அடுத்தது மத்தியானச் சோறு. சாதாரணச் சோற்றுக் கடைகளுக்குப் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் போய்விடுங்கள். இரண்டு மணிக்குப் பிறகு சட்டியின் அடிதான் மிச்சம். பருப்பு, ஒரு வெள்ளைக்கறி, ஒரு பிரட்டல், கீரை, சம்பல், பொரித்த மிளகாய், சொதி அல்லது ரசம். இதுதான் வழமை. சோறும் மரக்கறியும் திரும்பக் கேட்டால் போடுவார்கள், மீன் இறைச்சிக்கு மட்டும் துண்டுக் கணக்கு. பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு சொல்லாதீர்கள். சோறும் பருப்பும் சொதியும் ஒரு முட்டைப் பொரியலும் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் தருவார்கள், பல இடங்களில் அதற்குத் தனியாகக் காசு எடுப்பதும் இல்லை. 2022இல் காஸ் கிடைக்காமல் விறகடுப்புக்குத் திரும்பிய கடைகளில் சில இன்னும் விறகில்தான் சோறு வடிக்கின்றன. பின்பக்கம் புகை தெரிந்தால் தயங்காமல் உள்ளே போங்கள். பெயர்ப் பலகையை நம்பிப் போவதைவிட அது பாதுகாப்பு.

பெயர்ப் பலகையை நம்பி நான் கெட்டதும் உண்டு. ஏ9 ஓரத்தில் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் போட்ட ஒரு கடை, பெயர் வேண்டாம். கோழிக்கறியின் நிறமே சரியில்லை, ஆனால் மகள் குளிரூட்டிக்குக் கீழே போய் இருந்துவிட்டாள், எழும்ப மாட்டேன் என்றாள். அன்றிரவு வீட்டில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். உள்ளே போனதும் முதலில் கை கழுவும் இடத்துக்குப் போவேன். அங்கே சவர்க்காரம் இருந்து, தொட்டி அடைக்காமல் இருந்தால்தான் மற்றவர்களை வானிலிருந்து இறங்கச் சொல்வேன். கழிவறையையும் அப்போதே பார்த்துவிடலாம். வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு இது கறியைவிட முக்கியம்.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டியது. தேத்தண்ணி சொன்னால் சில கடைகளில் நீங்கள் கேட்காமலே ஒரு தட்டு வரும். றோல்ஸ், பற்றிஸ், வடை, மீன் பணிஸ் எல்லாம் அடுக்கி மேசை நடுவில் வைப்பார்கள். எடுத்ததற்கு மட்டும்தான் காசு, மிச்சம் அப்படியே திரும்பிப் போகும். லண்டனிலிருந்து வந்த என் மருமகனுக்கு இது தெரியாது. எல்லாம் தனக்குத்தான் என்று நினைத்து, எது நல்லது என்று பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்துவிட்டான். ஒன்பது சாமான். கடைக்கார அண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தம்பி எல்லாத்திலயும் கையெழுத்துப் போட்டிட்டார்" என்றார். பார்சல் கட்டிக்கொண்டு வந்தோம். (அதுசரி, மற்ற மேசைகளைச் சுற்றி வந்த தட்டுத்தானே என்று யோசிக்கிற ஆள் என்றால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.)

இரவுச் சாப்பாட்டுக்கு வவுனியாதான். தமிழ், முஸ்லிம், சிங்களச் சமையல் மூன்றும் ஒரே நகரத்தில் கிடைக்கும். முஸ்லிம் கடைகளில் கொத்து றொட்டி சொல்லுங்கள். கொத்துகிற சத்தத்தைக் கேட்கவே பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள். "உறைப்பே வேண்டாம், முட்டை கூடப் போடுங்கோ" என்று கொத்துகிறவரிடமே நேரில் சொல்லுங்கள். பரிமாறுகிற பொடியனிடம் சொன்னால் பாதி வழியில் மறந்துவிடுவான். ஒரு கொத்து இரண்டு பிள்ளைகளுக்குப் போதும், பெரியவர்களுக்கும் ஒன்றரை ஆளுக்குக் காணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரம் அந்தக் கடைகள் பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் பெரும்பாலும் திறக்காது. வெள்ளியன்று மரக்கறிக் கடைக்குப் போங்கள். சனம் கூட வருவதால் அன்றைக்குக் கறிகளும் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும்.

முல்லைத்தீவுக்குப் போனால் மீன் சாப்பிடாமல் வராதீர்கள். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகவும் போகலாம், பரந்தனில் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகவும் போகலாம். பிள்ளைகளோடு என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், வழியில் நின்று போக ஊர்கள் உண்டு. முல்லைத்தீவில் பெரிய கடையை எதிர்பார்க்காதீர்கள். நாலு மேசை போட்ட சின்னக் கடைகளில், "இண்டைக்கு என்ன மீன் பட்டது?" என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் இருங்கள். "எல்லாம் இருக்கு" என்றால் அடுத்த கடையைப் பாருங்கள். நண்டு விலை கூடத்தான், அதனால் ஒரு தட்டுச் சொல்லிப் பங்கு போடுங்கள். வைகாசியில் வந்தால் வற்றாப்பளை அம்மன் பொங்கல் இருக்கிறது. அந்த நாளில் கடையே தேவையில்லை, அன்னதானம் கிடைக்கும்.

பிள்ளைகள் மேசையில் இருக்கமாட்டார்கள் என்றால் பார்சல்தான் வழி. கடையில் தட்டில் போடுவதைவிடப் பார்சலில் சோறு எப்போதும் கூடத்தான், ஏனென்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஐந்து பேருக்கு மூன்று பார்சல் போதும். கட்டிக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டுக்குப் போங்கள். பின்னேரம் காற்றுப் பிடிக்கும், பிள்ளைகள் ஓடலாம், பெரியவர்கள் நிழல் பார்த்து இருக்கலாம். கார்த்திகை மார்கழியில் நல்ல மழை பெய்து குளத்தின் வான்கதவு திறந்தால் ஊரே அங்கேதான் நிற்கும். குப்பையை மட்டும் திரும்ப வானுக்குள் போடுங்கள். பார்சல் கட்டுகிற லஞ்ச் சீற்றைத் தின்ற மாட்டின் கதையை எங்கள் ஊரில் எல்லோரும் ஒன்று வைத்திருக்கிறோம்.

இனிப்புக்கு, "குளிர்களி" என்று பலகை கண்டால் அது ஐஸ்கிரீம். "வெதுப்பகம்" என்றால் பேக்கரி. உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்கவும் உதவும், சரியாக வாசித்தவருக்கு ஒரு கோன் என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் அப்பா 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோது இந்தப் பக்கம் வந்தவர் என்றால், அப்போதிருந்த பாண்டியன் சுவையூற்று என்ற சாப்பாட்டுக்கடை எங்கே என்று கட்டாயம் கேட்பார். அது இப்போது இல்லை. அந்த இடத்தைத் தேடி வானை நிறுத்தச் சொல்லுவார், நிறுத்திக் கொடுங்கள்.

முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் சாரதி வானை எடுக்கமாட்டார். கோயிலடியில் கச்சான் (வேர்க்கடலை) கடைகள் வரிசையாக இருக்கும். மணலில் வறுத்த சூடு கையில் படுகிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஒவ்வொரு கடையிலும் உடைத்துப் பார்க்க நாலு தருவார்கள். ஒரு பையோடு நிறுத்தாதீர்கள், பரந்தன் வருமுன் முடிந்துவிடும்.