பயிற்சி முடிந்தும் வகுப்பு மாறவில்லையா?
வணக்கம் மேடம். ஒரு வார எஃப்.டி.பி.யில் (ஆசிரியர்களுக்கான பயிற்சி) மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருளைக் கற்றுவந்து வினாடி வினா வைத்தால், 60 பேரும் ஒரே விடையைப் பார்த்து எழுதுகிறார்கள் என்கிறீர்கள். எனக்கும் அதேதான் நடந்தது.

மூடுலைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991இல் உருவாக்கிய முறை இருக்கிறது. பாடத்தின் நடுவே ஒரே ஒரு கேள்வி, கணக்குப் போடத் தேவையில்லாதது. தனியாக யோசித்து ஏ, பி, சி அட்டையைத் தூக்கட்டும். 30 முதல் 70 சதவீதம் பேர் சரி என்றால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுங்கள். அப்புறம் மறுபடி அட்டை. முதல் முறையே 30 சதவீதத்துக்கும் குறைந்தால் நீங்களே திரும்ப நடத்திவிடுங்கள்.

என் வகுப்பில் இப்படிச் செய்தபோது, அதுவரை வாய் திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், நோட்டில் படம் போட்டுப் பக்கத்துப் பையனின் விடையையே மாற்றினான்! கேள்வி தயாரிக்கத்தான் நேரம் பிடிக்கும். பழைய விடைத்தாள்களில் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகளையே தவறான விடைகளாக வையுங்கள்.