விமானம் இறங்கும்போது கைக்குழந்தை வீறிட்டு அழுவது ஏன்?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூரு போய், கைக்குழந்தையோடு துபாய்க்கோ லண்டனுக்கோ விமானம் ஏறுகிறவர்கள் பலருக்கும் வரும் கேள்வி இது. பசி, பயம் என்று நினைப்போம். பல நேரம் காரணம் காதடைப்புதான்.

செவிப்பறைக்குப் பின்னால் கொஞ்சம் காற்று இருக்கிறது. ஒரு மெல்லிய குழாய் அதைத் தொண்டையோடு இணைக்கிறது. பறக்கும்போது கேபினில் காற்றழுத்தம், சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதுபோல் குறைந்திருக்கும். இறங்க இறங்க அழுத்தம் கூடி, செவிப்பறையை உள்ளே தள்ளும். வத்தல்மலை உச்சியில் காலித் தண்ணீர் பாட்டிலை இறுக மூடி எடுத்து வாருங்கள், அடிவாரத்தில் ஒடுங்கியிருக்கும். அதே கதைதான். நாம் எச்சில் விழுங்கினால் குழாய் திறந்து சரியாகிவிடும். குழந்தைக்குக் குழாயும் குறுகல், வேண்டுமென்றே விழுங்கவும் தெரியாது.

அதனால் பால் கொடுப்பதுதான் வழி. சக்கரம் தரையைத் தொடும்போது அல்ல, அதற்கு அரை மணி முன்பு விமானம் இறங்கத் தொடங்கும்போதே. முன்னாடியே வயிறு முட்ட ஊட்டிவிட்டால் அப்போது வாயே திறக்காது! சளி இருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், காதில் பஞ்சு வைத்தால் போதும் என்பார்கள். பஞ்சு சத்தத்தைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, காற்றழுத்தத்தைத் தடுக்காது.