பின்தோட்டத்து விண்கலமும் நான்கு ஆண்டுக் கணக்கும்

கேள்வி: வடமேற்கு லண்டனில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். சிறு வயதில் என்னைக் கட்டிப்போட்ட ஒரு விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் வரும் சிறிய விண்கலத்தை, 2017 முதல் பின்தோட்டத்தில் முழு அளவில் கட்டிவருகிறேன். நீளம் 7 மீட்டர், உயரம் 3.4 மீட்டர், வேலியிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. 2018இல் இரும்புச் சட்டத்தை நிறுத்தினேன். 2021இல் ஃபைபர்கிளாஸ் வெளி ஓடு முடிந்தது. உள்ளே விளக்குகள், இருக்கைகள், பலகைகள் என்று வேலை இன்றும் நடக்கிறது. பழைய அயலவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. புதிதாக வந்தவர், நான் நேரில் போய் வணக்கம் சொல்லியும், கவுன்சிலில் புகார் கொடுத்துவிட்டார். இப்போது பிளானிங் கான்ட்ரவென்ஷன் நோட்டீஸ், அதாவது அனுமதியில்லாமல் கட்டியதாகச் சந்தேகித்து விவரம் கேட்கும் கடிதம், வந்திருக்கிறது. நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டதால் கவுன்சில் தொட முடியாது என்கிறார் நண்பர். ஆறு போல்ட்டைக் கழற்றினால் தூக்கிவிடலாம் என்பதால் இது கட்டடமே இல்லை என்றும் சொல்கிறார். படக் கம்பெனி பதிப்புரிமை வழக்குப் போடுமோ என்ற பயமும் இருக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து ஆளுக்கு 5 பவுண்டு வாங்கியிருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: எட்டு ஆண்டு உழைப்பு என்ன என்பதை உங்கள் கடிதத்தோடு வந்த படங்களில் பார்த்தேன். அதை இழந்துவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் இவ்வளவு நேராக எழுதுகிறேன். அயலவரின் குணம், நீங்கள் வணக்கம் சொன்னது, பழையவர் காட்டிய பெருந்தன்மை ஆகிய எதுவும் இந்தக் கோப்பில் ஒரு வரிக்கும் இடம் பெறாது. புகார் செய்தவரின் நோக்கத்தைக் கவுன்சில் விசாரிக்க வேண்டியதில்லை. உங்கள் வழக்கில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்த விண்கலம் எந்தத் தேதியில் பெருமளவு கட்டி முடிக்கப்பட்டது?

முதலில் நண்பரின் போல்ட்டு வாதத்தை ஒதுக்கிவிடுவோம். ஒரு பொருள் கட்டடமா என்பதை அதன் அளவு, நிலைத்தன்மை, தரையோடு உள்ள பிணைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் நீதிமன்றங்கள் முடிவு செய்கின்றன. ஹாரோ வீல்டில் ஒரு ஹோட்டல் ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை பெரிய கூடாரம் ஒன்றை அமைத்துவந்த வழக்கில், அந்தக் கூடாரம்கூடக் கட்டடமே என்ற முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் ஏற்றுக்கொண்டது. 2018 முதல் ஒரே கான்கிரீட் தளத்தில் நிற்கும் உங்கள் விண்கலத்துக்கு அதைவிட நல்ல முடிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேலிக்கு 2 மீட்டருக்குள் நிற்கும் தோட்டக் கட்டுமானம், பிளானிங் அனுமதி இல்லாமல் 2.5 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. உயரம் மீறினால், மேலே துருத்தி நிற்கும் பகுதி மட்டும் குற்றமாகாது. கட்டுமானம் முழுவதும் அனுமதி அற்றதாகிவிடும்.

ஆகவே கவுன்சில் நடவடிக்கை எடுப்பதற்கான கால வரம்பு ஒன்றுதான் உங்களுக்குக் கேடயம். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25 முதல் அந்த வரம்பு 10 ஆண்டுகள். அந்தத் தேதிக்கு முன்பே பெருமளவு முடிந்த கட்டுமானத்துக்கு மட்டும் பழைய நான்கு ஆண்டு விதி பொருந்தும். இரண்டு விதிகளிலும் காலம் ஓடத் தொடங்குவது வேலை முடிந்த நாளிலிருந்துதான். வேலை தொடங்கிய நாளும் இரும்புச் சட்டத்தை நட்ட நாளும் கணக்கில் வராது. என் கட்சிக்காரர்களில் பலர் விழுந்த குழி இதுதான். தங்கள் கட்டுமானம் எவ்வளவு பழையது என்று காட்டும் ஆர்வத்தில், அது இன்னும் முடியவில்லை என்பதையும் அவர்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கெண்ட் மாவட்டத்தில், மெய்ட்ஸ்டோன் பகுதியில் ஒருவர் அனுமதியில்லாமல் ஒரு வீடு கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் வீடுதான். உள்ளே தரைத்தளத்தில் கல்லும் மண்ணும் கிடந்தன, படிக்கட்டு இல்லை, ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. மிச்சமிருப்பதில் பெரும்பகுதி உள்வேலை, உள்வேலைக்கு அனுமதி தேவையில்லை, ஆகவே சட்டத்தின் பார்வையில் கட்டடம் எப்போதோ முடிந்துவிட்டது என்பது அவர் தரப்பு வாதம். அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2003இல் அதை ஏற்கவில்லை. கட்டியவர் முதலில் எதைக் கட்ட எண்ணினாரோ அதை முழுமையாகப் பார்க்க வேண்டும், அது முடியாதவரை காலம் ஓடாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் வழக்குக்கு இதைவிட ஆபத்தான தீர்ப்பு எதுவும் இல்லை. நீங்கள் கட்ட எண்ணியது உள்ளும் புறமும் தொடரில் வந்தது போன்ற முழு விண்கலம் என்று கவுன்சில் சொன்னால், இன்றுவரை ஒரு நாள்கூட உங்கள் கணக்கில் ஏறியிருக்காது.

உங்களுக்கும் ஒரு வாதம் உண்டு. ஓடு மூடப்பட்ட 2021இலேயே கட்டுமானம் முடிந்துவிட்டது. அதன் பின் செய்தவை அறைக்குள் மேசை நாற்காலி போடுவதைப் போன்ற அலங்கார வேலைகள் மட்டுமே என்று சொல்லலாம். ஃபைபர்கிளாஸ் வாங்கிய ரசீதுகள், தேதியுள்ள செயற்கைக்கோள் படங்கள், பழைய அயலவரின் எழுத்துமூல வாக்குமூலம் ஆகியவை கிடைத்தால் இந்த வாதம் நிற்கக்கூடும். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அதற்கு எதிரான சாட்சியை நீங்களே உருவாக்கிவைத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த ஃபேஸ்புக் பதிவில், சென்ற ஆண்டுத் தேதியோடு, "இப்போதுதான் அறுபது சதவீதம் முடிந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத்தில் இசைப்பதிவு அறை கட்டிய ஒருவர் என்னிடம் வந்தார். நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன என்று சத்தியம் செய்தார். கவுன்சிலின் ஆவணக் கட்டு வந்தபோது அதில் ஒரு பக்கம் முழுக்க வண்ண அச்சில் அவர் படம்: கையில் டிரில், முகத்தில் சிரிப்பு, பின்னால் பாதி திறந்த கூரை, கீழே அவரே எழுதிய தேதி. புகார் வந்ததும் அந்தப் பதிவை அழித்திருந்தார். அயலவர் அதற்கு முன்பே படமெடுத்து வைத்துவிட்டார். பதிவு இருந்தது பாதி கேடு என்றால், அதை அழித்தது மீதிக் கேடு. அதன் பிறகு அவர் சொன்ன எந்தத் தேதியையும் மேல்முறையீட்டை விசாரித்த ஆய்வாளர் நம்பவில்லை. எனவே நீங்கள் எதையும் அழிக்க வேண்டாம், வேலையையும் இன்றே நிறுத்துங்கள். தார்ப்பாய் போட்டு மறைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். சர்ரேயில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் கோட்டை போன்ற வீட்டைக் கட்டி, நான்கு ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, 2006இல் வைக்கோலை அகற்றினார். அந்த வைக்கோலை அகற்றியதே கட்டுமான வேலையின் ஒரு பகுதி என்று முடிவாயிற்று. வீடு 2016இல் இடிக்கப்பட்டது. மறைத்துக் காலம் கடத்தியவர்களுக்கு எதிராக, வரம்பு முடிந்த பிறகும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் உத்தரவு பெற்று நடவடிக்கை எடுக்க 2011ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலுக்கு வழி செய்திருக்கிறது.

நோட்டீஸுக்கு 21 நாள்களுக்குள் பதில் தராவிட்டால் அது குற்றம். தெரிந்தே பொய் சொன்னால் அதைவிடப் பெரிய குற்றம். அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. பிள்ளைகளிடம் வாங்கிய 5 பவுண்டைக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கவுன்சிலுக்கு அது சிறிய விஷயமாகத் தெரியாது. வீட்டுத் தோட்டம் வியாபார இடமாக மாறிவிட்டதா என்ற தனிக் கேள்வியை அது எழுப்பும். பணம் வாங்குவதை உடனே நிறுத்துங்கள்; நோட்டீஸில் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். பொழுதுபோக்கு என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. 44 நாய்களை வீட்டில் வளர்த்தவர் அது தன் பொழுதுபோக்கு என்று சொன்னதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

படக் கம்பெனியைப் பற்றிய பயம் இப்போதைக்கு வேண்டாம். ஸ்டார் வார்ஸ் தலைக்கவச வழக்கில், அந்தத் தலைக்கவசம் சிற்பம் ஆகாது, ஆகவே சிற்பத்துக்குரிய பதிப்புரிமை அதற்கு இல்லை என்று ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. உங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று செய்து வைத்துக்கொள்வதற்கு அந்தத் தீர்ப்பு ஓரளவு துணை நிற்கும். ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை மீறலை இங்குள்ள நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அமெரிக்காவில், பேட்மேன் கதைகளில் வரும் பேட்மொபைல் காரின் நகல்களைச் செய்து விற்றவர் 2015இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். ஆகவே வரைபடமோ உதிரிப் பாகமோ அங்கே யாருக்கும் விற்காதீர்கள்.

என் ஆலோசனை சமரசம்தான். ரசீதுகள் வலுவாக இருந்தாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வழக்கை நடத்த மாட்டேன். நோட்டீஸுக்கு உண்மையான, சுருக்கமான பதிலைத் தயாரித்து, அனுப்பும் முன் ஒரு பிளானிங் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிலோடு ஒரு யோசனையையும் முன்வையுங்கள்: விண்கலத்தை எல்லா வேலிகளிலிருந்தும் 2 மீட்டருக்கு மேல் நகர்த்தி, உயரத்தை 3 மீட்டருக்குள் குறைத்தால், மேல் நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் தர அதிகாரி சம்மதிப்பாரா என்று கேளுங்கள். ஆறு போல்ட்டு வாதத்துக்கு உதவாவிட்டாலும், நகர்த்துவதற்கு உதவும். தொடரில் உள்ளதைவிட 40 சென்டிமீட்டர் குறைவது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அகற்றச் சொல்லும் அமலாக்க நோட்டீஸ் பிறந்து, அதை மீறினால், கவுன்சிலே ஆள் வைத்து முழுவதையும் அகற்றி, செலவை உங்களிடம் வசூலிக்க முடியும்.

அளவைக் குறைக்க மனம் வராவிட்டால், பின்னேற்பு அனுமதிக்கு, அதாவது கட்டிய பிறகு கேட்கும் பிளானிங் அனுமதிக்கு, விண்ணப்பியுங்கள். அதையும் அமலாக்க நோட்டீஸ் வருவதற்கு முன்பே செய்யுங்கள், ஏனெனில் வந்த பிறகு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே மறுக்கக் கவுன்சிலுக்கு உரிமை உண்டு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அனுமதி தந்திருக்க வேண்டும் என்ற அதே வாதத்தை அமலாக்க மேல்முறையீட்டில் மறுபடி வைக்கும் வழியை 2023ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் அடைத்துவிட்டது. ஆகவே ஒரே ஒரு முறைதான் கேட்க முடியும் என்று எண்ணி, ஒழுங்கான வரைபடங்களோடு கேளுங்கள். அதற்கு முன் புதிய அயலவரிடம் அந்த வரைபடங்களைக் காட்டிப் பேசுங்கள். அவர் தன் புகாரைத் திரும்பப் பெற்றாலும் கோப்பு தானாக மூடாது. ஆனாலும் அவருக்கு ஆட்சேபம் இல்லை என்ற ஒரு வரிக் கடிதம் அதிகாரியின் மேசையில் இருப்பது உங்களுக்கு நல்லது.